சட்டைக்கைக்குள் பூண்டு

கொடைக்கானல் முதியோர் இல்லத்துக்கு வித்தை காட்டப் போன செல்வமுருகன், அங்கிருந்த, பூண்டு விளையும் மேல்மலைக் கிராமங்களான பூண்டி, போளூர்க்காரர்களுக்குப் பிடிக்கட்டுமே என்று, பந்துக்குப் பதிலாக மலைப்பூண்டு ஒன்றை மறைத்துக் காட்டினான். குளிரில் விரல்கள் மரத்துப்போயிருந்ததால், அதைச் சட்டைக்கைக்குள் அழுத்தித்தான் திணிக்க முடிந்தது. வெறுங்கையை விரித்ததும் கைதட்டலில் கூடமே அதிர்ந்தது. அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

கிளம்பும்போது முன்வரிசை ராக்காயி அம்மாள் பக்கத்தில் கூப்பிட்டார்.

"அடுத்த வாட்டி பந்தே கொண்டாங்க தம்பி. பூண்டு வெவசாயம் பண்ணுன சனம் நாங்க. ஒங்க சட்டைக்குள்ள அது நசுங்குன வாசம் கடைசி வரிசை வரைக்கும் அடிச்சுச்சு."

அவன் முகம் தொங்கிப்போயிற்று. "அப்புறம் எதுக்கும்மா அம்புட்டுப் பேரும் கைதட்டுனீங்க?"

"எங்களுக்குன்னு தேடி எடுத்துட்டு வந்தீங்கல்ல, அதுக்கு."

அவரைக் கும்பிட்டான். கும்பிட்ட கையும் பூண்டு மணத்தது.