ஏழு தாள்களில் ஒரு கன்னம்

ஒன்பது பத்துக்கு நெவெனா நாற்காலியில் உட்கார்ந்தாள். எட்டாவது சனிக்கிழமை. நாற்காலிக் கால்களைச் சுற்றியும் அவள் காலணிகளைச் சுற்றியும் தரையில் சாக்பீஸ் கோடு இருந்தது. முதல் வாரம் உட்கார்ந்தபடியே பன்னிரண்டு வாரமும் உட்கார வேண்டும்.

வழக்கமாக எங்கள் ஓவிய வகுப்புக்கு உட்காருகிறவர் வேலை தேடி ஜெர்மனிக்குப் போய்விட்டார். நெவெனா என்னைவிடப் பல வயது மூத்த அக்கா. ரூசே நகரில் நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். ஜூலையில் சோபியாவில் எனக்கு ஓவியக் கல்லூரி நுழைவுத் தேர்வு. ஓர் ஆளை எதிரே உட்காரவைத்து முகத்தை வரையச் சொல்வார்கள். இரண்டு முறை தோற்றிருந்தேன். "என் மூஞ்சியில பழகிக்கோ, போ" என்று அவளாகவே வந்தாள்.

கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலில் கட்டைவிரல் வைத்து அளந்தேன். கண்ணிலிருந்து முகவாய்வரை ஓர் அளவு. முதல் வாரம் முகத்தின் அகலமும் அதே அளவுதான். இப்போது குறைந்தது. கன்னத்தை அழித்தேன். போன வாரமும் அழித்திருந்தேன்.

"மறுபடியுமா?" என்றார் ஆசிரியர் கமென். "தெரிஞ்ச முகம்னா இதான் தொல்லை. உன் மனசுல இருக்கற அக்காவை வரையற. எதிர்ல இருக்கறவங்களை வரை, பிசெரா."

"எனக்கும் அகலமாத்தான் வந்து தொலையுது" என்றார் பக்கத்தில் பெட்கோ. ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். "நாப்பது வருஷம் தண்டவாளத்தைப் பார்த்த கண்ணு. எல்லாம் அகலமாத் தெரியுது."

"பேசாம வரைங்க, அண்ணே" என்றார் கமென்.

இடைவேளை விட்டார்கள். எல்லோரும் காபிக்குப் போனார்கள். நெவெனா சால்வையைப் போர்த்திக்கொண்டு ஜன்னலோரம் நின்றாள்.

பெட்கோவின் தாளைப் பார்த்தேன். கன்னத்துக்கு வெளியே அழித்த கோடு ஒன்று சாம்பல் நிறத்தில் இருந்தது. நாங்கள் வரைவது கரித்துண்டால்; கரி முழுதாக அழியாது. அடுத்த தாளிலும் இருந்தது. சுற்றி வந்தேன். என்னுடையதையும் சேர்த்து ஏழு தாள்கள். ஏழிலும் அதே இடத்தில் அழித்த கோடு. சிலவற்றில் இரண்டு. அவரவர் கை செய்த தப்பு என்று அவரவர் திருத்தியிருந்தோம்.

ஜன்னலுக்குப் போனேன். அவள் கையில் பாலாடைக்கட்டி வைத்த பனித்சா அப்பம் இருந்தது. சுற்றிய காகிதத்தைப் பிரிக்கவில்லை.

"என்னடி, பேயைப் பார்த்த மாதிரி நிக்கற?"

"சாப்பிடலையா?"

"காலையிலயே ஆச்சு."

காலையில் நான் பென்சில் சீவிக்கொண்டிருந்தேன். அவள் தட்டைப் பார்க்கவில்லை.

"நீ எவ்வளவு இளைச்சிருக்க, தெரியுமா?"

"அம்பது தாண்டுனா கன்னம் ஒட்டும். அவளவ காசு குடுத்து ஒட்டவைக்கறா."

"அக்கா, டாக்டரைப் பார்த்தியா?"

சால்வை நுனியால் என் மூக்கிலிருந்த கரியைத் துடைத்தாள்.

"பார்த்தேன்."

"எப்ப?"

"மார்ச்சுல."

இந்த நாற்காலியில் அவள் முதலில் உட்கார்ந்தது ஏப்ரலில்.

"என்ன சொன்னாங்க?"

"உன் பரீட்சை வரைக்கும் ஆடாம அசையாம உட்காருவேன்னு சொன்னாங்க."

"விளையாடாத."

"விளையாடலடி. ஜூலை வரைக்கும் தாங்குமான்னு நான்தான் கேட்டேன். தாங்கும்னாங்க. நீ கோட்டை ஒழுங்காப் போடு."

கமென் கைதட்டினார். எல்லோரும் வந்தார்கள். நெவெனா பனித்சாவை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். காலணிகளைக் கோட்டுக்குள் பொருத்தினாள். முகவாயை உயர்த்தி, பார்வையைச் சுவரில் நிறுத்தினாள். உதடுகளை மூடினாள். அப்படி உட்கார்ந்தபின் பேசக் கூடாது. வரைகிறவர்களுக்கு வாய் கலைந்துவிடும்.

"சரி, அந்தக் கன்னத்தை முடி" என்றார் கமென், என் பின்னாலிருந்து.

ஆறு கரித்துண்டுகள் தாளில் உரசத் தொடங்கின. நான் என்னுடையதைக் கீழே வைத்தேன்.

"ஜூலைக்கு அப்புறம், அக்கா?"