காலியாக வைத்த இரண்டாம் எண்

1

இந்தக் கதை ஒரு கோபத்தில் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொள்வதுதான் மரியாதை. எங்கள் இரத்தப் பரிசோதனைக் கூடத்தின் கணினி வலையமைப்பைப் பெரிதாக்க வந்த பெண் என்ஜினீயர், அலமாரியிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்துப் புரட்டி, "இதை யார் சார் எழுதினாங்க?" என்று கேட்டுச் சிரித்தார். எழுதியவன் நான். அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன்.

ஆனால் வீட்டு விஷயத்தை நாலு பேர் படிக்க எழுதும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. ஆகவே கதைக்குள் 'நான்' வரமாட்டேன். ஒரு பெரியவர் வருவார். அவருக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

2

முதல் தொடக்கம்: "பரிசோதனைக் கூடத்தின் கண்ணாடிக் கதவில் காலை வெயில் பொன்னாக…"

வேண்டாம். வெறும் வயிற்றோடு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் வெயிலைப் பார்ப்பதில்லை. கடிகாரத்தைத்தான் பார்ப்பார்கள்.

இரண்டாம் தொடக்கம்: "பெரியவர் தன் தம்பியோடு பேசிப் பதினாறு வருடம் ஆகிறது, ஏனென்றால்…"

இதுவும் வேண்டாம். அந்த 'ஏனென்றால்' இருக்கிறதே, அங்கேதான் மூன்று நாளாகப் பேனா நின்றுகொண்டிருக்கிறது. நோட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

3

கூடத்துக்குக் கணினிகள் வந்தபோது கம்பி இழுத்தது தம்பி. தெருவில் வீடுகளுக்கு எண் இருப்பதுபோல ஒவ்வொரு கணினிக்கும் ஓர் எண் வேண்டும். வெளியுலகத்துக்கு வாசலாக இருக்கும் பெட்டிக்கு ஒன்றாம் எண்ணைக் கொடுப்பது வழக்கம் என்று தம்பி சொன்னான்.

"வாசல்ல நிக்கிற பெட்டிக்கு ஒண்ணு, எனக்கு ரெண்டா?" என்றார் பெரியவர்.

தம்பி வாதாடவில்லை. பெட்டியைத் தெருக்கோடிக்கு அனுப்பி, கடைசி எண்ணான இருநூற்றைம்பத்து நான்கைக் கொடுத்தான். பெரியவருக்கு ஒன்று, தம்பிக்கு இரண்டு, அக்கா வீட்டுக்காரருக்கு மூன்று என்று எல்லாம் உறவுமுறைப்படி நோட்டில் ஏறியது. குடும்பத்தில் எல்லோருக்கும் முன்பே வேலைக்குச் சேர்ந்த கணக்கருக்குப் பதினொன்று. (எட்டு, அப்போது பிறக்காத பேத்திக்கு. இன்று அவளுக்கு வயது பதினான்கு. ஊசியைக் கண்டால் மயங்கி விழுகிறாள்.)

சிரிக்க இதில் என்ன இருக்கிறது? முறை என்று ஒன்று இருந்தது.

4

இப்போது 'ஏனென்றால்.'

ஒரு கம்பி போதும் என்ற இடத்தில் மூன்று போடவேண்டும், பக்கத்துக் காலி மனை வரைக்கும் ஒரு வெறும் குழாய் பதித்து வைக்கவேண்டும் என்றான் தம்பி. நாளைக்குக் கூடம் வளரும்போது தேவைப்படும் என்பது அவன் கணக்கு. பெரியவர் ஊழியர்கள் எல்லோரும் நிற்கும்போது சொன்னார்:

"நாம இங்க ரத்தம் எடுக்கிறோம், விமானம் விடல. உன் கனவுக்கெல்லாம் என் சுவரை ஓட்டை போடாத."

(இந்த வாக்கியத்தை மூன்று முறை மென்மையாக்கி எழுதிப் பார்த்தேன். மூன்றும் பொய்யாகத் தெரிந்தன. அது இருவருக்கும் பொதுவான சுவர் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.)

தம்பி வேலையை முடித்து, கூரைப் பலகைகளை மூடி, சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டான். அதன் பிறகு கல்யாண வீடுகளில் ஆளுக்கொரு வரிசையில் உட்கார்ந்தார்கள். ஆனால் இரண்டாம் எண்ணைப் பெரியவர் அடிக்கவில்லை. புதிதாக வந்த டாக்டரின் கணினிக்கு யாரோ அதைக் கேட்டபோது, "அதுக்கு ஆள் இருக்கு," என்று நோட்டை மூடிவிட்டார்.

5

அந்தக் காலி மனையை வாங்கி, மூன்று மாடி எழுப்புகிறார்கள். நாற்பது கணினிகள் முந்நூறாகப் போகின்றன. நிர்வாகம் இப்போது மருமகள் கையில். என்ஜினீயர் போட்ட திட்டப்படி ஒரே தெரு போதாது. பரிசோதனை இயந்திரங்களுக்கு ஒரு தெரு, அறிக்கை தரும் மேசைகளுக்கு ஒன்று, வந்து போகிறவர்களின் கைபேசிக்கு ஒன்று. யார் வந்து இணைந்தாலும் எண் தானாகக் கிடைக்கும். ஒன்றாம் எண் வாசலுக்கு. காலியாகக் கிடக்கும் இரண்டு, பட்டியலிலிருந்து போகும்.

பெரியவர் ஒப்புதல் கையெழுத்துப் போட மறுத்தார். ஒன்பது நாள் வேலை நின்றது.

"மாமா, ஒரு எண்ணுக்காக மூணு மாடி நிக்குது," என்றாள் மருமகள்.

"நிக்கட்டும். கட்டடத்துக்குக் கால் வலிக்காது."

"சின்ன மாமாவுக்காக வச்சிருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். அது அவருக்குத் தெரியுமா?"

(இங்கே பெரியவர் சொல்வதாக ஒரு நல்ல பதில் எழுதினேன். அதில் அவர் ஜெயித்துவிட்டார். அடித்துவிட்டேன்.)

6

பத்தாம் நாள், பழைய கம்பிகளையாவது பார்த்து வைக்கலாம் என்று ஏணியில் ஏறிக் கூரைப் பலகையைக் கழற்றிய என்ஜினீயர், பெரியவரைக் கூப்பிட்டனுப்பினார். உள்ளே, ஓடிக்கொண்டிருந்த கம்பியோடு இன்னும் இரண்டு கம்பிகள் சுருட்டி, நுனியில் நாடா சுற்றி வைக்கப்பட்டிருந்தன. ஒரு துண்டுக் காகிதம். 'பிறகு' என்று எழுதியிருந்தது. வலப்பக்கம் சாய்ந்த அந்த எழுத்தைப் பெரியவர் சிலேட்டுக் காலத்திலிருந்து அறிவார்.

இருபத்து மூன்று அறைகள், நாற்பத்தாறு கம்பிகள். சோதிக்கும் கருவியில் ஒன்றைத் தவிர எல்லாவற்றுக்கும் பச்சை விளக்கு எரிந்தது.

"இதைப் போட்டவர் எங்க சார் இருக்கார்?" நோட்டைப் பார்த்துச் சிரித்தவர்தான் கேட்டார். "கையெடுத்துக் கும்பிடணும்."

இருப்பு அறை மூலையில் வெறும் குழாய் ஒன்று தரைக்குள் இறங்கியது. அதன் கழுத்திலும் ஒரு காகிதம்: 'பக்கத்து மனைக்கு. அண்ணன் எப்படியும் வாங்குவார்.'

பெரியவர் அங்கே இருந்த அட்டைப்பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார்.

ஆனால் குழாயின் மறுமுனை எங்கே? மண்ணுக்குள் எங்கோ மூடிக் கிடக்கிறது. பதித்தவரைக் கேட்கவேண்டும், இல்லையென்றால் இரத்தம் எடுக்கும் அறையின் சுவரையும் தரையையும் உடைத்துப் புதுவழி போடவேண்டும். நாலு நாள் கூடம் மூடிக் கிடக்கும். அறுவைச் சிகிச்சைக்கு முன் அறிக்கை வாங்க வருகிறவர்கள் எங்கே போவார்கள்?

7

முடிவு ஒன்று: தம்பியே தொலைபேசியில் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கிறான். மருமகள் படித்துவிட்டு, "மன்னிப்பு யார் மாமா கேக்கணும்?" என்றாள். காபியை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

முடிவு இரண்டு: தோட்டக்காரர் குழி வெட்டும்போது குழாய் தானாகத் தட்டுப்படுகிறது. யாரும் யாரோடும் பேசவேண்டியதில்லை. எனக்கு ரொம்பப் பிடித்த முடிவு. அதனாலேயே கிழித்தேன்.

முடிவு மூன்று: பெரியவர் தொலைபேசியை எடுத்து…

எடுக்கவில்லை. அவர் ஆயுளில் யாரையும் முதலில் கூப்பிட்டதில்லை. அந்த முதுகு அவ்வளவு சீக்கிரம் வளையாது. உட்கார்ந்து எழுத மட்டும் அதற்கு முடிகிறது.

8

'பெரியவர்' போதும்.

நேற்று நான் கையெழுத்துப் போட்டேன். ஒன்றாம் எண் வாசலுக்குப் போகிறது. அது அங்கேதான் இருந்திருக்கவேண்டும். என்ஜினீயர் இப்போது சிரிக்கவில்லை. புதுத் திட்டத்தில் இரண்டாம் எண்ணுக்கு நேரே, 'ஆள் இருக்கு' என்று அவரே எழுதிக் கொடுத்தார்.

இனி முடிவு வாசகர் கையில். எல்லா வாசகர்களையும் சொல்லவில்லை, மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளவேண்டும். குழாயின் மறுமுனை எங்கே இருக்கிறது என்று தெரிந்த வாசகர் ஒருவர்தான் இருக்கிறார். முதல் பிரதியை அவருக்கு அனுப்புகிறேன்.

தம்பி, 'என் சுவர்' என்று சொன்னது தப்பு.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி வரைக்கும் அந்தச் சுவரில் யாரும் கைவைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். பத்து மணிக்கு என்ன நடந்தது என்பதை நீ எழுது.