பத்தாம் நம்பர் கணக்கு

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பதினாறு வருஷம் மாரடித்த நான், ஆய்வக உதவியாளர் பயிற்சிக்குப் போக ஒரே ஒரு கணக்குத்தாள் குறுக்கே நின்றது. வீட்டிலேயே போட்டு எடுத்துப்போக வேண்டிய பத்துக் கேள்வி. பத்தும் சரியாக இருந்தால்தான் நுழைவுத் தேர்வு எழுத விடுவார்கள். வயது வரம்பு நாற்பது. அடுத்த மாதம் எனக்கு நாற்பது முடிகிறது. இதை விட்டால் சாகும்வரை சோப்புத் தண்ணீர்தான்.

ஒன்பது கணக்கை ஒரு மூச்சில் போட்டேன். பெருக்கினால் கடைசி எண், கூட்டினால் நடு எண். அப்படி இரண்டு எண்ணைப் பிடித்துவிட்டால் கோவை இரண்டு காரணிகளாகப் பிரிந்துவிடும். பத்தாவது முரண்டு பிடித்தது: x² + 7x + 11.

பதினொன்றுக்கு ஒன்றையும் பதினொன்றையும் விட்டால் நாதியில்லை. கூட்டினால் பன்னிரண்டு வருகிறது. மைனஸ் போட்டும் பார்த்தேன். மத்தியானம் போனதுதான் மிச்சம்.

ஒன்பதாவது படிக்கும் என் மகள் எட்டிப் பார்த்தாள். "அச்சுல தப்பு விழுந்திருக்கும்மா. பன்னெண்டா இருந்தா மூணும் நாலும் கச்சிதமா வரும்."

எங்கள் கூடத்தில் கறை போகவில்லை என்று எந்த விரிப்பையும் திருப்பி அனுப்பக் கூடாது. கறைப் பக்கத்தை வெட்டி, ஓரம் அடித்து, சின்ன விரிப்பாக்கி அனுப்பிவிடுவோம். யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அந்தப் பழக்கத்தில் கேள்வியில் இருந்த பதினொன்றைப் பேனாவால் பன்னிரண்டாக்கிவிட்டு, விடையை எழுதினேன்.

மறுநாள் பயிற்சி மைய வாத்தியார் தாளைப் பார்த்தார். "கேள்வியையே மாத்திட்டீங்களேம்மா."

"அச்சுப்பிழைன்னு நெனச்சேன் சார்."

"பிழை இல்ல. அது பிரியாத கோவை. முழு எண்ல பிரிக்க முடியாதுன்னு எழுதியிருந்தா போதும்."

முடியாது என்று எழுதலாம் என்பதே எனக்குத் தெரியாது. அவர் தேர்வுப் பட்டியலில் என் பெயரை அடித்தார். திட்டியிருந்தாலாவது நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். மனுஷன் பாவமாகப் பார்த்தார்.

வாசலில் மகள் நின்றிருந்தாள். "என்னம்மா ஆச்சு?"

நடந்ததைச் சொன்னால், பன்னெண்டு என்று சொன்னது தான்தான் என்று காலத்துக்கும் மருகுவாள்.

"நாலஞ்சு தப்பாம்டி. எனக்கெல்லாம் கணக்கு மண்டையில ஏறாது."

மறுத்து ஒரு வார்த்தை சொல்வாள் என்று பார்த்தேன். "சரி விடும்மா" என்று என் பையை வாங்கிக்கொண்டாள். உடனே நம்பிவிட்டாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.