முன்னறையில் ஒரு லேத்

இரண்டு விரல்கள் போனபிறகு பட்டறை முதலாளி அக்காவை லேத் பக்கமே விடவில்லை. பதினாறு வருடம் கடைசல் வேலை பார்த்தவளைப் பெட்டி ஒட்டும் மேசையில் உட்காரவைத்தார். மூன்று மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். பிறகு வேலையை விட்டு நின்றுவிட்டாள். மூடிப்போன ஒரு தொழிற்சாலையிலிருந்து பழைய லேத் ஒன்றை வாங்கி, நாங்கள் இருவரும் இருந்த வீட்டின் முன்னறையில் இறக்கினாள். நாலு பேர் இரும்புக் குழாய்களின்மேல் உருட்டி உள்ளே கொண்டுவந்தார்கள். சோபா வெளியே போனது.

"கை இருக்கிற நிலைமையில இதெல்லாம் தேவையாக்கா?" என்றேன்.

"ரெண்டு போச்சு. மீதி எட்டும் சும்மா இருக்கணுமா?"

இரண்டு நாள் மண்ணெண்ணெய் போட்டுத் துருவைத் துடைத்தாள். ரசமட்டம் வைத்துப் பார்த்துப் பார்த்து, லேத்தின் கால்களுக்கடியில் தகடு செருகிச் சமன் செய்தாள். எலக்ட்ரீஷியன் வந்து மோட்டாரைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இது மூணு ஃபேஸ் மோட்டார்மா. வீட்டு லைன்ல ஓடாது. எடைக்குப் போட்டுடுங்க."

"ஓடாதுன்னு மோட்டார் சொல்லுச்சா, நீங்க சொல்றீங்களா?"

மோட்டாரில் ஒட்டியிருந்த தகட்டைத் துடைத்துக் காட்டினாள். இணைப்பை மாற்றினால் வீட்டு மின்னழுத்தத்துக்கும் ஓடும் என்று அதிலேயே இருந்தது. ஒரு ஃபேஸை மூன்றாக்கித் தரும் டிரைவ் பெட்டியை ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தாள். மோட்டார் மூடியைத் திறந்து செப்புப் பட்டைகளைத் தானே இடம் மாற்றிப் பூட்டினாள். "எர்த் மட்டும் ஒழுங்கா போட்டுக் குடுங்க" என்றாள்.

சுவிட்சைப் போட்டதும் லேத் சுற்றியது, எதிர்த்திசையில். எலக்ட்ரீஷியன் சிரித்தார். அக்கா மின்சாரத்தை நிறுத்தி, கொஞ்சம் பொறுத்து, மோட்டாருக்குப் போகும் இரண்டு ஒயர்களை மாற்றிப் போட்டாள். மறுபடி போட்டபோது சரியான திசையில் சுற்றியது. அவர் சிரிப்பை விழுங்கிக்கொண்டார்.

முதல் வேலை பேக்கரிக்காரர் கொண்டுவந்த தேய்ந்த புஷ். மாவு பிசையும் மெஷினில் சுழலும் தண்டைத் தாங்கும் வளையம் அது. அக்காவின் பழைய பட்டறையில் இரண்டு வாரம் ஆகும் என்றார்களாம். அக்கா புதிதாகக் கடைந்து சாயங்காலமே கொடுத்தாள். அதன்பிறகு ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முதலாளியே வந்து வாசலில் நின்றார்.

"விளையாட்டெல்லாம் போதும். பேக்கிங்ல ஆள் இல்ல, நாளைக்கு வந்துடு."

அக்கா லேத்தை நிறுத்தவில்லை.

"செருப்பைக் கழட்டாதீங்க, இரும்புச் சுருள் குத்தும். கடைசல் வேலை ஏதாவது இருந்தா கொண்டு வாங்க. வரிசைப்படி செஞ்சு தரேன்."

அவர் என்னைப் பார்த்தார், நான் அக்காவுக்குப் புத்தி சொல்வேன் என்று நினைத்தாரோ என்னவோ. நான் துடைப்பத்தை எடுத்துவந்து, கடைசலில் உதிர்ந்த சுருளை அவர் காலடிவரை கூட்டித் தள்ளினேன்.