கமலநாதனுக்கு அடித்த பந்து

கம்போங் மேடான் அடுக்குமாடிக்கு முன்னால் இருக்கும் திடலில் அம்புரோஸ் அடித்த கால்பந்து ஒன்பது வருடம் கீழே இறங்கவில்லை. நாலாவது மாடி உயரத்தில், பின்பக்கமாகச் சுழன்றபடி அப்படியே நின்றது. காக்கைகள் அதன்மேல் உட்காரப் பார்த்து வழுக்கி விழுந்தன. நகராண்மைக்காரர்கள் ஏணி லோரி கொண்டுவந்து இழுத்துப் பார்த்தார்கள். அசையவில்லை என்றதும், யாருக்கும் இடைஞ்சல் இல்லையே என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனார்கள். முதல் வருடம் கிள்ளானிலிருந்தெல்லாம் வேடிக்கை பார்க்க ஆள் வந்தது. கார் நிறுத்த இடம் கிடைக்காததால் பிறகு வருவதை விட்டுவிட்டார்கள்.

அம்புரோசுக்கு நீளமாகத் தூக்கி அடிக்க யாரும் சொல்லித்தரவில்லை. கைப்பேசியில் வீடியோ பார்த்துக் கற்றான். ஒரு காலைப் பந்துக்குப் பக்கத்தில் ஊன்ற வேண்டும், அடிக்கிற காலின் கணுக்காலை இறுக்கிப் பந்தின் அடியில் வெட்டினாற்போல உதைக்க வேண்டும், உடம்பு கொஞ்சம் பின்னால் சாய வேண்டும். சொல்வது சுலபம். மாதக்கணக்கில் அவன் பந்து தரையோடு ஓடியது, இல்லாவிட்டால் மூன்றாம் மாடித் துணிக்கொடிக்குப் போய் வசவு வாங்கிக்கொண்டு திரும்பியது. எதிர்முனையில் ஓடி ஓடிப் பொறுக்கியவன் பக்கத்து வீட்டுக் கமலநாதன். ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். ஆள் நிற்கும் இடத்துக்கு அடிக்கக் கூடாது, அவன் வரப்போகும் இடத்துக்கு அடிக்க வேண்டும் என்பதை அம்புரோஸ் கடைசியாகக் கற்றான். அதுதான் அவனுக்கு வினையாகப் போயிற்று.

ஒரு கிளப்புக்காரர்கள் ஆள் எடுக்கத் திடலுக்கே வந்தார்கள். இந்தப் பக்கத்திலிருந்து ஒருவன் போதும் என்று முன்பே முடிவு செய்திருந்தார்கள். அந்தச் சேதி கமலநாதன் காதில் மட்டும் விழுந்தது. அம்புரோஸ் தன் கோல் பக்கத்திலிருந்து ஒரு பந்து தூக்கினான். அவ்வளவு அழகான பந்தை இந்தத் திடல் பார்த்ததில்லை, எங்கே கேட்டாலும் சொல்வேன். ஓடிவந்த கமலநாதன் பாதியில் நின்று, குனிந்து, அவிழாத சப்பாத்துக் கயிற்றைக் கட்டினான். கழுத்தறுக்கக் கத்திதான் வேண்டும் என்று யார் சொன்னது? வர வேண்டியவன் வராததால் பந்து மேலேயே நின்றுவிட்டது. பாஸ் போய்ச் சேரவில்லை என்று சொல்லி, வந்தவர்கள் கமலநாதனை எடுத்துக்கொண்டு போனார்கள்.

அவன் இரண்டு சீசன் பெஞ்சில் உட்கார்ந்தான், முட்டி போனது, பிறகு பங்சாரில் கார் விற்றான். அம்புரோஸ் கிள்ளான் கிடங்கொன்றில் போர்க்லிப்ட் ஓட்டினான். "பந்து அடிக்கத் தெரியாம வானத்துல மாட்டிட்டான்" என்று அடுக்குமாடியே அவனைக் கேலி செய்தது. தான் அடித்தது சரி என்று ஒரே ஒரு தடவை ஊர் பார்த்தால் போதும், வேறு எதுவும் அவனுக்கு வேண்டியிருக்கவில்லை. அதற்குக் கமலநாதன் பந்துக்கு அடியில் வர வேண்டும். கமலநாதனோ தாய் நல்லம்மாளைப் பார்க்க வரும்போதெல்லாம் மோட்டார் சைக்கிள் மட்டும் நுழையும் பின்சந்தில் வந்து பின்சந்தில் போனான். அவன் ஏன் சுற்றிப் போகிறான் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. ஒருநாள் அம்புரோஸ் சந்தில் மறித்தான்.

"ஒரு தடவ வந்து நில்லுடா. இறங்கட்டும்."

"வேலை இருக்கு லா மச்சான். நெக்ஸ்ட் வீக் பாக்கலாம்."

அந்த அடுத்த வாரம் வரவேயில்லை. "அதையே பாத்துக்கிட்டு நின்னா சோறு வந்துருமா?" என்று மனைவி டொரத்தி சாயங்காலந்தோறும் அம்புரோசைத் திடலிலிருந்து இழுத்துப் போனாள்.

போன தீபாவளிக்கு முந்தின வாரம், கார் காட்டிக்கொண்டிருந்தபோதே கமலநாதனுக்கு நெஞ்சடைத்தது. முப்பத்திரண்டு வயது. தாய் வீட்டிலிருந்துதான் எடுத்தார்கள். சவப்பெட்டி பின்சந்தில் திரும்பாது. முன்பக்கம் இரட்டை வரிசையில் கார்கள் நின்றதால் வேன் சாலையிலேயே நின்றுவிட்டது. திடலைக் குறுக்கே கடந்து தூக்கித்தான் போக வேண்டும். ஒரு தோள் குறைந்தது. நல்லம்மாள் அம்புரோசைப் பார்த்தார். அவன் வந்து முன்பக்கம் தோள் கொடுத்தான்.

திடலின் நடுவுக்கு வந்ததும் பந்து இறங்கியது. பெட்டி மூடியில், நெஞ்சு இருக்கும் இடத்தில், மாலையின் ஒரு பூவும் நசுங்காமல் உட்கார்ந்தது. ஒரு துள்ளல்கூட இல்லை. "அம்மாடி, எவ்வளவு கரெக்டா வந்திருக்கு!" என்று மூன்றாம் மாடியிலிருந்து யாரோ சொன்னார்கள். ஒன்பது வருடம் அம்புரோஸ் கேட்க ஏங்கிய வார்த்தை அது. யாரிடம் போய்க் காட்டுவது? தோளில் கனம் ஒரு பந்தளவு கூடியிருந்தது.

வேனில் ஏற்றும்போது பந்தை என்ன செய்வது என்று ஆட்கள் தயங்கினார்கள்.

"அது ஒன்னோடதுதானே, எடுத்துக்கப்பா" என்றார் நல்லம்மாள்.

"அடிச்சதுதான் நான், ஆன்டி. பந்து அவனுக்கு" என்றான் அம்புரோஸ்.

வேன்காரர் கதவைச் சாத்தினார். மறுநாள் காலையில் நாலாவது மாடிக்காரர்கள், இப்போது நன்றாகக் காற்று வருகிறது என்றார்கள்.