'இல்லை' என்று எழுத ஒரு கட்டம்

1

இந்தக் கதை எனக்கு வரிசையில் நிற்கும்போது கிடைத்தது. கிடைத்தது என்பது கொஞ்சம் பெரிய மனுஷத்தனமான பேச்சு. காதில் விழுந்ததைப் பொறுக்கிக்கொண்டு வந்தேன், அவ்வளவுதான். இன்று காலை ஒன்பது மணி. அரசுக் குறைந்த விலை மருந்தகத்தின் ஜன்னல். என் கையில் பதினேழாம் எண் டோக்கன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மருந்து கார்டும் டாக்டர் சீட்டும் காட்டினால், வெளிக்கடை விலையில் கால்வாசிக்கு மாத்திரை தருகிற இடம் அது. வருடத்துக்கு ஒருமுறை எல்லா மருந்தகங்களும் தங்கள் தேவையை எழுதி அனுப்பும். அதைக் கூட்டி அரசாங்கம் மொத்தமாக வாங்கும். மொத்தமாக வாங்குவதால் விலை குறைவு. நல்ல திட்டம். கிண்டல் செய்யவில்லை, நிஜமாகவே சொல்கிறேன். என் வீட்டிலேயே ஒருவர் இந்தத் திட்டத்தால்தான்

(இந்த வாக்கியத்தை இப்போது முடிக்க மாட்டேன். ஏழாம் பகுதியில் தேவைப்படும்.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் இருபத்திரண்டு வருடங்களாக அமர்ந்திருந்த அவள் முகத்தில் மானுடத்தின் துயரமெல்லாம்..."

வேண்டாம். அவர் முகத்தில் மானுடத்தின் துயரம் எதுவும் இல்லை. மூக்குக்கண்ணாடி இருந்தது. அதன் ஒரு காது ஒடிந்து, பிளாஸ்திரி சுற்றியிருந்தது. மருந்தகத்தில் பிளாஸ்திரிக்கா பஞ்சம்.

அடுத்து, "மருந்து என்பது சந்தைப் பொருளா, உரிமையா?" என்று ஆரம்பித்தேன். நாலு வரியிலேயே எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது. அதையும் அடித்தேன்.

சரி, நேராகவே சொல்கிறேன். அவரை எல்லோரும் ஜன்னலக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். கண்ணாடியில் உள்ள அரைவட்ட ஓட்டை வழியாகச் சீட்டு உள்ளே போகும், மாத்திரை வெளியே வரும். அவருடைய கையைத்தான் எங்களுக்கு நன்றாகத் தெரியும்.

3

ஜன்னலக்காவிடம் ஒரு வழக்கம் உண்டு. மருந்து இருப்பில் இல்லையென்றால் சும்மா கையை விரித்து அனுப்ப அவருக்கு மனசு வராது. சீட்டில் அந்த மருந்தின் பெயருக்குக் கீழே பென்சிலால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் பொடியாகத் தேதி எழுதித் தருவார். சரக்கு வந்ததும் கோட்டைக் காட்டினால் போதும், மறுபடி டோக்கன் எடுத்துக் கால்கடுக்க நிற்க வேண்டாம். டாக்டர் சீட்டில் பேனாவால் எழுதக் கூடாது என்பது விதி. பென்சிலைப் பற்றி விதியில் பேச்சில்லை.

இருபத்திரண்டு வருடமாக அவர் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த வழக்கம் இது. (பெருமை என்பது என் ஊகம். ஆனால் கோடு போடும்போது அவர் அளவுகோல் வைத்துப் போடுவதைப் பார்த்திருக்கிறேன்.) இதில் ஓர் ஓட்டை இருந்தது, அது அவருக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. கோடு போட்ட சீட்டு நோயாளியோடு வீட்டுக்குப் போய்விடும். ஜன்னலுக்கு உள்ளே மிஞ்சுவது கணினி. அதில் கொடுத்ததை எழுதக் கட்டம் இருக்கிறது. கேட்டதை எழுத, இல்லை.

* அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: கதை எழுதுகிறவனும் இதே ஆள்தான். வேண்டாம் என்று திருப்பியனுப்பிய வரிகளுக்கு அவனிடம் பதிவேடு கிடையாது. இந்தக் கதையில் மட்டும் அடித்த வரிகளை அப்படியே விட்டிருக்கிறேன். கெட்டிக்காரத்தனம் காட்ட அல்ல. சரி, கொஞ்சம் கெட்டிக்காரத்தனமும்தான்.

4

இன்று முதலில் நின்றவர் டோக்கன் ஒன்று. எந்த மாதம் வந்தாலும் முதல் டோக்கனை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார் என்பதால் ஜன்னலக்கா வைத்த பெயர். தையல் வேலை செய்கிற பெண், கழுத்தில் அளவு நாடாவைக் கழற்ற மறந்து அப்படியே வந்துவிடுவார். அவர் வாங்குவது தம்பிக்கான வலிப்பு மாத்திரை. தம்பிக்கு அச்சகத்தில் தாள் வெட்டும் இயந்திரத்தில் வேலை. மூன்று வருடமாக அவனுக்கு வலிப்பு வரவில்லை.

"அக்கா, நேத்து விழுந்துட்டான்" என்றார் டோக்கன் ஒன்று.

"எங்கம்மா?"

"மெஷின் பக்கத்துல. நல்லவேளை, பின்பக்கமா சாஞ்சான். முன்னால விழுந்திருந்தா கையே போயிருக்கும்."

"மாத்திரை ஒழுங்கா போட்டானா?"

டோக்கன் ஒன்று நாடாவை விரலில் சுற்றினார். "அந்த நாலு மாசம் உங்ககிட்ட இல்லைன்னீங்கல்ல. வெளிய முழுசா வாங்கக் கட்டுப்படியாகல. பாதி பாதியா உடைச்சுக் குடுத்தேன். அப்புறம் உங்ககிட்ட வந்ததும், மறுபடி இல்லாமப் போயிட்டா என்ன பண்றதுன்னு பயம். அதனால பாதியே குடுத்துட்டு மிச்சத்த டப்பாவுல சேத்து வெச்சேன். எல்லாம் நான் பண்ணின வேலைதான்."

ஜன்னலக்கா திட்டவில்லை. நான் எழுதிய முதல் வரைவில் திட்டினார், அது பொய். "இன்னையிலருந்து முழுசா குடு. முதலாளி என்ன சொல்றாரு?"

"இனிமே மருந்து தவறாதுன்னு டாக்டர் எழுதிக் குடுத்தாதான் வேலைக்கு வரணுமாம். டாக்டர் என்னைக் கேக்கறாரு, வருஷம் பூரா மருந்து கிடைக்குமான்னு. கிடைக்கும்லக்கா?"

கிடைக்கும் என்று சொல்ல வாயெடுத்தார் ஜன்னலக்கா. அவருக்கு முன்னால் திரையில் அடுத்த வருடத் தேவைப் படிவம் திறந்திருந்தது. இன்று மூன்று மணிக்குள் போக வேண்டியது. வலிப்பு மாத்திரைக்கு நேரே கணினி தானாகவே ஓர் எண்ணைப் போட்டு வைத்திருந்தது. 1,760 அட்டை.

மாதம் இருநூறு அட்டை போகிற ஜன்னல் அது. சரக்கு இருந்த எட்டு மாதத்தில் கொடுத்தது ஆயிரத்து அறுநூறு. அதோடு பத்தில் ஒரு பங்கு கூட்டினால் கணினியின் எண் வந்துவிடுகிறது. சரக்கு இல்லாத நான்கு மாதத்துக்குப் பூஜ்யம். அந்த நான்கு மாதமும் இந்தப் பக்கத்தில் ஒருவருக்கும் வலிப்பே இல்லை என்பது அதன் நம்பிக்கை. இப்படியே அனுப்பினால் அடுத்த வருடம் ஒன்பதாம் மாதத்தில் ஜன்னலக்கா மறுபடி பென்சிலை எடுக்க வேண்டியதுதான்.

"இத்தனை வருஷமா இல்லைன்னு சொல்லியிருக்கேன்" என்றார், யாரிடம் என்றில்லாமல். "ஒருநாளாவது அதை எழுதி வெச்சேனா?"

5

ஜன்னலக்கா மேலதிகாரிக்குப் போன் போட்டார். எதிர்முனை எனக்குக் கேட்கவில்லை. அடைப்புக்குள் இருப்பது என் கைச்சரக்கு.

"சார், வலிப்பு மாத்திரைய 2,640ன்னு மாத்தணும்."

[கணினி போட்டதை எதுக்கு மாத்தணும்?]

"நாலு மாசம் சரக்கே வரல சார். கேட்டவங்களை எல்லாம் திருப்பித்தான் அனுப்பினேன்."

[எத்தனை பேரு? ஆதாரம்?]

"சீட்டுல பென்சில் கோடு இருக்கு சார்."

[சீட்டு எங்க?]

"அவங்கவங்க வீட்டுல."

இங்கே எதிர்முனை எத்தனை சீட்டு என்று கணக்குச் சொல்லியிருக்கும். பிறகு, "நூறா? சரிங்க சார். மூணு மணிக்குள்ள."

(அதிகாரியை வில்லனாக்கி ஒரு பத்தி எழுதியிருந்தேன். குளிர்பதன அறை, சுழல் நாற்காலி, தொப்பை எல்லாம் வைத்தேன். அடித்துவிட்டேன். அவரிடமும் மேலே ஒருவர் ஆதாரம் கேட்பார். தொப்பை வேறு என்னுடையது.)

6

பக்கவாட்டுக் கதவைத் திறந்துகொண்டு ஜன்னலக்கா வெளியே வந்தார். அவரை முழு உருவமாக இன்றுதான் பார்த்தேன். நினைத்ததைவிடக் குள்ளம்.

"வலிப்பு மாத்திரைக்கு நான் பென்சில் கோடு போட்ட பழைய சீட்டு வேணும். நூறு பேரோடது வேணுமாம். மூணு மணிக்குள்ள கொண்டாங்க, தெரிஞ்சவங்ககிட்டயும் சொல்லுங்க. தப்பு என்னோடதுதான்."

டோக்கன் ஒன்று மாத்திரையைக்கூட வாங்கவில்லை. நாடா பின்னால் பறக்க, தெரிந்த வீடுகளில் சீட்டுக் கேட்க ஓடினார்.

வரிசையிலிருந்த ஒரு பெரியவர் சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே நான்காக மடித்த சீட்டு. "என் வீட்டுக்காரியோடது. மூணு கோடு இருக்கு பாருங்க."

"அவங்க எப்படி இருக்காங்க ஐயா?"

"போயிட்டா. ஆறு மாசமாச்சு."

ஜன்னலக்காவின் கை பாதியில் நின்றது. "ஐயா, இது அடுத்த வருஷத் தேவைக்குக் கேக்கறாங்க. இத எப்படி நான்..."

"தெரியும்மா. அவளுக்கு இனி வேண்டாம். ஆனா அன்னைக்கு வந்து கேட்டாள்ல? கேட்டான்னு எங்கயாவது எழுதிக்குங்க."

ஜன்னலக்கா உள்ளே போய், கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுத்து வந்தார். முதல் பக்கத்தில் 'கேட்டவர்கள்' என்று எழுதினார். அதற்குக் கீழே அந்த அம்மாவின் பெயரை எழுதினார். பேனாவால் எழுதினார்.

இதை நாசூக்காகச் சொல்ல ஒரு வழி தேடினேன், அகப்படவில்லை.

7

பாக்கி வைத்த வாக்கியம் இதுதான்: என் வீட்டிலேயே ஒருவர் இந்தத் திட்டத்தால்தான் பயமில்லாமல் தெருவில் நடக்கிறார். என் மனைவி. அதே மாத்திரை. அந்த நான்கு மாதமும் எங்களால் வெளியில் முழுசாக வாங்க முடிந்தது. வாங்கினோம், மறந்தோம். கோடு போட்ட சீட்டை நான் படித்துக்கொண்டிருந்த புத்தகத்தில் பக்க அடையாளத்துக்குச் செருகியிருந்தேன்.

அதை எடுக்கத்தான் பதினொரு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். எடுத்தும்விட்டேன். ஒரே ஒரு வரி குறித்துக்கொண்டு கிளம்பலாம் என்று உட்கார்ந்தேன். இப்போது மணி இரண்டு பத்து.

முடிவுக்கு மூன்று வழி வைத்திருந்தேன். மனைவி தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள்.

அ. நோட்டின் முதல் பக்கத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதும் அதிகாரியின் குரல் தழுதழுக்கிறது...

"போன்லயே உருகிப்போற அதிகாரிய நீங்க எந்த ஆபீஸ்ல பார்த்தீங்க?"

ஆ. நூறு சேரவில்லை. 1,760 போகிறது. அடுத்த வருடம், ஒன்பதாம் மாதம், அச்சகம். தம்பி இந்த முறை முன்பக்கமாக

"கதை கனமா இருக்கணும்னு அந்தப் பையன் கைய வெட்டுவீங்களா?"

அடித்துவிட்டேன். வெட்கமாக இருந்தது.

இ. ஜன்னலக்கா கணினியின் எண்ணை அழித்துவிட்டு, கட்டத்தைக் காலியாகவே விட்டு அனுப்புகிறார். அந்த வெறுமை பேசுகிறது.

"காலியா விட்டா யாருக்குங்க மாத்திரை கிடைக்கும்?" என்றாள். பிறகு மேஜையிலிருந்த சீட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். "நீங்க வரும்போது எத்தனை சேர்ந்திருந்துச்சு?"

"முப்பத்தெட்டு."

"இது யார் சீட்டு?"

"உன்னோடது."

"மூணு மணி நேரமா கதையில வெச்சிருக்கீங்க. அந்தத் தையல்காரப் பொண்ணு வீடு வீடா ஏறி இறங்கிட்டிருக்கா." குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை. செருப்பு மாட்டும் சத்தம் கேட்கிறது.

நடந்தால் கால் மணி நேரம். இப்போது இரண்டு இருபது. நூறு சேர்ந்ததா, அதிகாரி பென்சிலை ஒப்புக்கொண்டாரா, டாக்டரிடம் டோக்கன் ஒன்று என்ன பதில் சொன்னார் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. நான் அங்கே இல்லை, இங்கே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். கட்டத்தை மட்டும் உங்களிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

வலிப்பு மாத்திரை, அடுத்த வருடத் தேவை: [               ] அட்டை

காலியாக விட்டால் என்ன ஆகும் என்று என் மனைவி சொல்லிவிட்டாள். உங்கள் வீட்டிலும் எந்தப் புத்தகத்துக்குள்ளாவது கோடு போட்ட சீட்டு ஒன்று இருக்கும், தேடிப் பாருங்கள். அவள் கூப்பிடுகிறாள். இதோ, நான்