முதல் வரிசை

கில்பர்ட் டால்க்ளீஷ் எங்கள் எண்ணெய் ஆலையை விற்று ஐந்து மாதம் ஆகிறது. ஆனாலும் சனிக்கிழமைதோறும் பகல் பன்னிரண்டு மணிக்கு ஆலை வாசலுக்கு வருவார். காவலாளி ராங்கினிடம் புகையிலைச் சுங்கானையும் தீப்பெட்டியையும் ஒப்படைப்பார். உள்ளே போகிற எல்லோரும் அப்படித்தான் செய்ய வேண்டும். ஒரு பொறி போதும், எண்ணெய் ஆவி பற்றிக்கொள்ளும். சுங்கான் வாசல் சுவர் மாடத்தில் இருந்தால் ஆள் உள்ளே இருக்கிறான் என்று கணக்கு. ஆனால் அவர் உள்ளே போவதில்லை. வேலையாட்களுக்குத் தரும் பித்தளை வில்லை வைத்திருப்பவர்களுக்குத்தான் அனுமதி. கம்பிக் கதவருகே சற்று நேரம் நிற்பார். கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

மாலை வகுப்பு நோட்டில் அவர் வாழ்க்கையை வரிசையாக எழுதிப் பார்த்தேன். பத்து வயதில் நிலக்கரிச் சுரங்கம். இருபத்தெட்டில் எண்ணெய்க்கல்லை வேகவைத்து எண்ணெய் இறக்கும் உலைக்காரர். நாற்பதில் சொந்த ஆலை. முதல் வரிசையின் நான்கு உலைகளையும் தாமே கட்டினார். பிறகு நான்கு வரிசைகள், மெழுகுவத்திக் கூடம், எங்கள் வகுப்பு நடக்கிற மண்டபம். பிறகு லீத் துறைமுகத்தில் மலிவான அமெரிக்க எண்ணெய் கப்பல் கப்பலாக இறங்கியது. அறுபத்து மூன்றில் விற்றார். முக்கியமான எதையோ விட்டுவிட்டேன் என்று தோன்றியது. எது என்று தெரியவில்லை.

போன சனிக்கிழமை முதல்முறையாக வாய்விட்டுக் கேட்டார்.

"அஞ்சே நிமிஷம், ராங்கின். மொத வரிசைய மட்டும் பாத்துட்டு வந்துர்றேன்."

ராங்கின் சுவரிலிருந்த பலகையைக் காட்டினார். "வில்லை இல்லாம பெத்த அப்பனே வந்தாலும் விடாதேன்னு எழுதினது யாரு மொதலாளி? கீழ உங்க கையெழுத்துதான் இருக்கு."

"அன்னிக்கு எனக்குப் புத்தி கொஞ்சம் கம்மி."

ராங்கின் சிரித்தார், கதவைத் திறக்கவில்லை. முதல் வரிசையை மூன்று வாரம் முன்பே இடித்து, செங்கல்லை வண்டியில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். வெந்து கழிந்த கல் மேடு மறைப்பதால் வாசலிலிருந்து அது தெரியாது. ராங்கினும் சொல்லவில்லை.

நான் சோதனை அறையில் வேலை செய்பவன். காலையில் எடுத்த எண்ணெய்க் குப்பி ஒன்றைக் கொண்டுவந்து கம்பி வழியே நீட்டினேன். அது தவறு, எந்தக் குப்பியும் வெளியே போகக்கூடாது. அவர் உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்தார், முகர்ந்தார், கண்ணை மூடினார்.

"மொத வரிசை. இந்த வாசம் வேற எதுலயும் வராது. நான் கட்டின நாலும் நல்லா வேகுதா, நினியன்?"

'நான்காம் வரிசை' என்று குப்பியில் நானே எழுதி ஒட்டியிருந்தேன். அவர் கண்ணாடி போட்டிருக்கவில்லை.

"நல்லா வேகுதுங்க ஐயா," என்றேன்.

ராங்கின் சுங்கானையும் தீப்பெட்டியையும் நீட்டினார்.

"எண்ணெய்க் கையோட தீப்பெட்டியத் தொடலாமா? அதுவும் என் சட்டந்தான். இங்கயே இருக்கட்டும்."

துணி கொடுத்தும் கையைத் துடைக்கவில்லை. உள்ளங்கையை முகத்தருகே வைத்தபடியே தெருவில் இறங்கி நடந்தார்.

சோதனை முடிவில் பொய் சொன்னது அதுவே முதல் தடவை. சரிதானா என்று ஒரு வாரமாக யோசிக்கிறேன். இன்று பன்னிரண்டரை வரை வாசலில் காத்திருந்தேன். அவர் வரவில்லை. அவருடைய சுங்கான், உள்ளே வேலையில் இருப்பவர்களின் சுங்கான்களோடு மாடத்தில் இருந்தது. ராங்கின் ஆட்களை எண்ணும்போது அதையும் சேர்த்தே எண்ணினார்.